டிஸ்க்கைப் பங்கு போடலாமா?

சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் குன்னூரில் என் கடைக்குக் கூட்டம் கூடும். ஏப்ரல், மே முழுக்க ராப்பகலாக ஓடிய கம்ப்யூட்டர்கள் ஜூனில்தான் படுத்துக்கொள்ளும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஒரு டிஸ்க்கை லேன் (ஓர் இடத்துக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்) வழியாக நாலு பேர் பயன்படுத்துவது எப்படி, அதற்கான முறைகளில் எது தேவலை. அதனால் இந்த இதழ் பெரும்பாலும் அதற்கே. பிரிண்டர் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிண்டர் அதுவரை எப்படியும் சரியாகப் போவதில்லை.

கேள்வி: மேடம், நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பமும் வீடியோவும்தான் பிழைப்பு. எடிட்டிங்குக்கு இரண்டு கம்ப்யூட்டர். போன வருடம் 8 டெராபைட் நாஸ் பெட்டி (லேனில் மாட்டும் டிஸ்க் பெட்டி) ஒன்று வாங்கி, இரண்டிலும் இசட் டிரைவாகப் போட்டிருக்கிறோம். உயிர் போகிற மாதிரி மெதுவாக இருக்கிறது. கோவையிலிருந்து வந்த ஒருவர், 'இதெல்லாம் பழைய முறை, ஐஸ்கஸி போட்டால் இரண்டு கம்ப்யூட்டரிலும் சொந்த டிஸ்க் மாதிரியே தெரியும், வேகமும் இரண்டு மடங்கு' என்கிறார். போட்டுவிடலாமா?
– ஸ்டூடியோ உரிமையாளர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்றால் பேசலாம், இரண்டுக்கும் என்றால் பேச்சே கிடையாது. 'சொந்த டிஸ்க் மாதிரி தெரியும்' என்று அவர் சொன்னது நிஜம்தான். வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது.

உங்கள் இசட் டிரைவ் எஸ்.எம்.பி. என்ற முறையில் ஓடுகிறது. ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டருக்கு வெளியே நின்று 'ரெண்டு கிலோ சர்க்கரை' என்கிறோம். எந்த மூட்டை எங்கே கிடக்கிறது, எது பிரித்தது, எது பிரிக்காதது என்ற கணக்கெல்லாம் உள்ளே இருப்பவருடையது. எஸ்.எம்.பி.யிலும் 'இந்த ஃபோல்டரில் இருக்கும் இந்த ஃபைலைக் கொடு' என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்கிறது, நாஸ் எடுத்துத் தருகிறது. இரண்டு பேர் ஒரே ஃபைலுக்குக் கை நீட்டினால், 'இரு, அது இன்னொருவர் கையில் இருக்கிறது' என்று சொல்லவும் உள்ளே ஆள் உண்டு. லினக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் என்.எஃப்.எஸ்.ஸும் இதே கவுண்டர் ரகம்தான்.

ஐஸ்கஸியில் கவுண்டரே கிடையாது. குடோன் சாவியையே உங்கள் கையில் கொடுத்துவிடும். ஸ்கஸி என்பது 1980-களில் டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசுவதற்காக வந்த கட்டளைகள். அவற்றை இன்டர்நெட்டில் ஓடும் அதே டி.சி.பி./ஐ.பி. பொட்டலத்தில் சுற்றி லேனில் அனுப்புவதுதான் ஐஸ்கஸி, 2004-ல் ஆர்.எஃப்.சி. 3720 என்ற எண்ணில் தர நிர்ணயம் ஆனது. கேட்கிற பக்கத்துக்கு இனிஷியேட்டர் என்றும் கொடுக்கிற பக்கத்துக்கு டார்கெட் என்றும் பெயர். அங்கே 'இந்த ஃபைலைக் கொடு' என்ற பேச்சே கிடையாது. '12,480-ஆவது பிளாக்கைக் கொடு', 'இதை அந்த பிளாக்கில் எழுது', அவ்வளவுதான். எந்த பிளாக்கில் மணப்பெண் இருக்கிறார், எதில் நாதஸ்வரம் இருக்கிறது என்று நாஸுக்குத் தெரியாது. கணக்கு நோட்டு முழுக்க உங்கள் விண்டோஸிடம்.

அந்த நோட்டில் ஒரு பகுதியை விண்டோஸ் எப்போதும் தன் ரேமில் வைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்ற நம்பிக்கை அதற்கு. ஒரே குடோனுக்கு இரண்டு சாவி, இரண்டு நோட்டு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-ஆவது வரிசை காலி என்று முதலாமவர் மூட்டையை இறக்குவார். இரண்டாமவர் நோட்டிலும் அது காலிதான். அவரும் அங்கேயே இறக்குவார். குடோனில் என்றால் மூட்டை மேல் மூட்டை நிற்கும். டிஸ்க்கில் கீழே இருந்தது போயே போய்விடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2009-ல் கோவையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் ஒரு ஐஸ்கஸி டிஸ்க்கில். இரண்டு லினக்ஸ் சர்வருக்கும் அது வேண்டும் என்றார்கள். இரண்டிலும் மவுன்ட் செய்தேன், அதாவது டிஸ்க்கை மாட்டினேன். எரர் எதுவும் வரவில்லை. ஒன்றில் ஒரு ஃபைல் போட்டுவிட்டு மற்றதில் பார்த்தால் காணோம். கழற்றி மாட்டினால் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'ஏதோ கேஷ்' (ரேமில் தங்கிய பழைய நகல்) என்று சொல்லிக்கொண்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலை அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டார். ஒரு பில்லைத் திறந்திருக்கிறார். மேல் பாதியில் ஒரு பம்ப் கம்பெனியின் முகவரி, கீழ்ப் பாதியில் வேறு யாருடைய நூல் கணக்கோ. ரிப்பேர் கட்டளை ஓடி முடித்தபோது ஃபோல்டர்கள் எல்லாம் போய், 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஒரே மூட்டைக்குள் பெயரில்லாத ஃபைல்கள், வெறும் எண்களோடு. பேக்கப் ஒரு வாரம் பழையது. மீதியைப் பழைய பேப்பர் கட்டுகளிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்ய நாலு ராத்திரி ஆனது. யாரையும் குறை சொல்ல வழியில்லை, கட்டளையை அடித்தது என் விரல்தான்.

ஒரே டிஸ்க்கைப் பல சர்வர்கள் பாதுகாப்பாக எழுதுவதற்கென்றே தனி ஃபைல் சிஸ்டங்கள் உண்டு: ஜி.எஃப்.எஸ்.2, ஓ.சி.எஃப்.எஸ்.2, வி.எம்.வேரின் வி.எம்.எஃப்.எஸ். போன்றவை. சர்வர்கள் தமக்குள் பூட்டும் திறப்பும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. உங்கள் விண்டோஸ் போடும் என்.டி.எஃப்.எஸ். அந்த ரகம் இல்லை.

சரி, வேகத்துக்கு வருவோம். உங்கள் ஸ்விட்ச் ஜிகாபிட் என்று நினைக்கிறேன். ஜிகாபிட் கம்பியில் நொடிக்கு 125 மெகாபைட்தான் உச்சம். நடைமுறையில் 110 வந்தால் நல்லது. எஸ்.எம்.பி. போட்டாலும் அதே கம்பி, ஐஸ்கஸி போட்டாலும் அதே கம்பி. பெரிய வீடியோ ஃபைலை இழுக்கும்போது இரண்டுமே அந்த முட்டுச்சுவரில்தான் போய் நிற்கும். இரண்டு மடங்கு எங்கிருந்து வரும்?

ஆகவே முதலில் ஒன்று பாருங்கள். கம்ப்யூட்டரில் நெட்வொர்க் ஸ்டேட்டஸைத் திறந்தால் 'ஸ்பீடு' என்று ஒரு வரி இருக்கும். அதில் 1 ஜி.பி.பி.எஸ். என்று இல்லாமல் 100 எம்.பி.பி.எஸ். என்று இருந்தால் குற்றவாளி அங்கேயே பிடிபட்டார். லேன் கேபிளுக்குள் நாலு ஜோடிக் கம்பி. 100-க்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் ஸ்விட்ச் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நத்தை மாதிரி. 40 ஜிபி வீடியோ ஜிகாபிட்டில் ஆறு நிமிடம், 100-ல் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நம் ஊர் ஈரத்தில் இது சகஜம். போன வாரம் ஒரு கேபிள் வந்தது. பார்க்கப் புதுசு. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு பித்தளைப் பற்களில் ஆறு பளிச்சென்று இருக்கின்றன, இரண்டு மட்டும் பழைய கோயில் மணி மாதிரி பச்சை. ஜன்னல் ஓரமாக இழுத்திருக்கிறார்கள், மழைக்காலம் முழுக்க மூடுபனி அதன் மேல்தான் இறங்கியிருக்கிறது. முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்ததோடு சரியாகிவிட்டது. என் கூலி நூறு ரூபாய். ஐஸ்கஸி ஆலோசனைக்கு என்றால் கூடக் கேட்டிருக்கலாம்.

கம்பி சரியாக இருந்தும் மெதுவென்றால், நீங்கள் நாஸிலிருந்தே நேராக நாலாயிரம் போட்டோவைத் திறக்கிறீர்கள் என்று அர்த்தம். எஸ்.எம்.பி. ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, விவரம் சொல், படி, மூடு என்று தனித்தனியாகப் பேசும். சின்ன ஃபைல் நிறைய இருந்தால் பேச்சிலேயே பொழுது போய்விடும். இந்த ஓர் இடத்தில் ஐஸ்கஸி நிஜமாகவே முந்தும். ஆனால் அதற்கு மலிவான மருந்து, காலையில் அன்றைய வேலையை கம்ப்யூட்டரின் எஸ்.எஸ்.டி.க்கு இறக்கி, சாயங்காலம் நாஸுக்குத் திருப்பிவிடுவது. அதுவும் போதாது என்றால் 2.5 ஜிகாபிட் ஸ்விட்சும் கார்டும் வாங்குங்கள், நாஸிலும் அந்த போர்ட் இருந்தால். கேட் 5ஈ கேபிளையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஐஸ்கஸி எப்போது உதவும்? நெட்வொர்க் டிரைவ் என்றாலே முகம் சுளிக்கும் மென்பொருள்கள் உண்டு. போட்டோ மென்பொருள் லைட்ரூம் கிளாசிக், தன் கேட்டலாக்கை (படங்களின் கணக்கு நோட்டு) நெட்வொர்க் டிரைவில் திறக்கவே திறக்காது. ஐஸ்கஸி டிஸ்க் அதன் கண்ணுக்கு லோக்கல் டிஸ்க், அதனால் திறக்கும். அப்படிச் செய்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: அந்த டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறதென்று நாஸுக்குத் தெரியாது, ஆகவே தவறி அழித்த படத்தை நாஸின் ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை.

கேள்வி: அம்மா, பணி ஓய்வு பெற்றவன், பொழுதுபோக்காக லினக்ஸ் கற்கிறேன். ஏ.ஓ.இ. என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். டி.சி.பி., ஐ.பி. எதுவும் இல்லாமல் ஈதர்நெட்டிலேயே டிஸ்க் கட்டளைகளை அனுப்புமாம், ஐஸ்கஸியைவிட எளிது, வேகம் என்கிறார்கள். அப்படியிருக்க அதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை?
– வாசகர், அருவங்காடு

பதில்: ஐயா, உங்கள் கடிதம் பார்த்ததும் பழைய சிநேகிதரை விசாரித்த மாதிரி இருந்தது. ஏ.டி.ஏ. ஓவர் ஈதர்நெட். ஏ.டி.ஏ. என்பது சாதா கம்ப்யூட்டர் டிஸ்க்கின் கட்டளைகள், ஈதர்நெட் என்பது லேன் கம்பியின் அடிப்படை முறை. கோரெய்ட் என்ற அமெரிக்க கம்பெனி கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்தவர் பிரான்ட்லி கொய்ல். பிக்ஸ் என்ற ஃபயர்வாலை உருவாக்கிய இருவரில் ஒருவர்; சிஸ்கோ பின்னால் அதை வாங்கிக்கொண்டது. 2005-லேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏ.ஓ.இ. டிரைவர் வந்துவிட்டது, 2.6.11 பதிப்பில்.

அதன் அழகு அதன் சின்ன உருவம். ஐஸ்கஸியின் தர ஆவணம் 250 பக்கத்துக்கு மேல். ஏ.ஓ.இ.யுடையது பன்னிரண்டு பக்கத்தைச் சுற்றி. காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். டிஸ்க்குக்கு முகவரி அலமாரி எண், தட்டு எண், அவ்வளவுதான். ஐ.பி. முகவரி கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. லினக்ஸில் வி-பிளேடு என்ற சின்ன நிரலை ஓடவிட்டால் ஒரு பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் பெட்டியாகிவிடும்.

ஆனால் உங்கள் வீட்டுப் பக்கமாக தினம் போகும் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. அந்தச் சரிவில் அதை மிஞ்ச வேறு வண்டி கிடையாது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் நின்றுவிடும். அங்கிருந்து மேலே மீட்டர் கேஜ், கீழே பிராட் கேஜ். சென்னைக்குப் போகிறவர் பெட்டி படுக்கையோடு இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற வேண்டியதுதான். ஏ.ஓ.இ. பொட்டலமும் அப்படி. ஒரே ஸ்விட்சில், ஒரே லேனில் ஜம்மென்று ஓடும். ரவுட்டர் வந்தால் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் ரவுட்டர் பார்ப்பது ஐ.பி. முகவரியை, இதில் அது இல்லை. ஐஸ்கஸி முகவரி ஒட்டிய பார்சல் மாதிரி. எந்த வண்டி மாறினாலும் போய்ச் சேரும்.

டிஸ்க்கும் சர்வரும் ஒரே அறையில் இருக்கும்போது ரவுட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கோரெய்ட்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். பாஸ்வேர்டு இல்லாத குறைக்கும் 'அந்த லேனைத் தனியாக வையுங்கள்' என்பதுதான் அவர்கள் பதில். எனக்கு அது பிடித்தே இருந்தது. ஆனால் பெரிய கம்பெனிகள் வாங்கும் இடத்தில் இதெல்லாம் எடுபடாது. விண்டோஸிலேயே ஐஸ்கஸி இனிஷியேட்டர் வந்துவிட்டது, வி.எம்.வேர் அதை ஏற்றுக்கொண்டது, எல்லா நாஸ் பெட்டியிலும் அதற்கு ஒரு பட்டன் வந்துவிட்டது. ஏ.ஓ.இ.யோ பெரும்பாலும் ஒரே கம்பெனியின் தோளில் நின்றது. 2015-ல் அந்தக் கடை மூடப்பட்டது.

வேகம் என்ற வாதமும் காலப்போக்கில் கரைந்துபோனது. 2004 வாக்கில் டி.சி.பி. கணக்குப் போடவே சர்வரின் பிராசஸரில் கணிசமான பங்கு போகும். அந்தச் சுமையை இறக்க ஐஸ்கஸிக்குத் தனி கார்டே விற்றார்கள். இன்றைய பிராசஸருக்கு ஜிகாபிட் ஒரு பொருட்டே இல்லை. என் வீட்டில் இரண்டு பழைய டெஸ்க்டாப்பை நேருக்கு நேர் ஒரே கேபிளில் கட்டி, ஒரு மழை ராத்திரி இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் நொடிக்கு நூறு மெகாபைட்டைச் சுற்றியே ஆடின. நடுவில் இரண்டு முறை கரண்ட் போனதுதான் அன்றைய பெரிய வித்தியாசம்.

கற்பதற்கு என்றால் கண்டிப்பாக ஏ.ஓ.இ. போட்டுப் பாருங்கள். லேனில் போகும் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஒரு பொட்டலத்தைப் பிடித்துப் பிரித்தால், ஈதர்டைப் (பொட்டலம் எந்த ரகம் என்று சொல்லும் எண்) 88ஏ2 என்பதும், அதற்கு அடுத்தே அலமாரி, தட்டு எண்களும் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஐஸ்கஸியில் அந்த இடத்துக்கு வந்து சேர நாலு உறை பிரிக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் 20 பழைய கம்ப்யூட்டர்கள். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. ஒரு சர்வரிலிருந்தே எல்லாவற்றையும் டிஸ்க் இல்லாமல் பூட் செய்யலாம் என்கிறார்கள். என்.எஃப்.எஸ்., என்.பி.டி., ஐஸ்கஸி மூன்றில் எது? அடிக்கடி கரண்ட் போகும் ஊர்.
– கணினி ஆசிரியை, கூடலூர்

பதில்: கோத்தகிரிக்காரருக்கு நான் அத்தனை கத்திய விதிக்கு இங்கே ஒரு விலக்கு இருக்கிறது, டீச்சர். யாருமே எழுதாவிட்டால் ஒரே டிஸ்க்கை இருபது பேர் என்ன, இருநூறு பேர் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. நோட்டு மாறினால்தானே சண்டை.

என்.பி.டி. என்பது 1997-ல் பாவெல் மாசெக் லினக்ஸுக்காக எழுதியது. சர்வரில் இருக்கும் ஓர் ஃபைலையே லேன் வழியாக டிஸ்க்காகக் காட்டும். லினக்ஸ் முழுவதையும் சுருக்கி ஒரே இமேஜாக்கி, 'படிக்க மட்டும்' என்று இருபது கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் மாற்றுவதெல்லாம் அந்தந்தக் கம்ப்யூட்டரின் ரேமில் போய், அணைத்ததும் அழிந்துவிடும். எந்தப் பையன் எந்த ஐகானை எங்கே இழுத்து வைத்தாலும் மறுநாள் காலை லேப் பழையபடி இருக்கும். பிள்ளைகளின் சொந்த ஃபைல்களுக்கு மட்டும் என்.எஃப்.எஸ். ஃபோல்டர் ஒன்று. அங்கே எழுத வேண்டும், கவுண்டரில் ஆளும் வேண்டும்.

இதை ஒவ்வொன்றாகக் கட்டுவது சிரமம் என்றால் எல்.டி.எஸ்.பி. என்ற இலவசத் தொகுப்பு இந்த வேலைக்காகவே இருக்கிறது. ஐஸ்கஸி இங்கே வேண்டாம். இருபது கம்ப்யூட்டருக்கு இருபது தனி டிஸ்க் கொடுத்துப் பராமரிக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

கரண்ட் விஷயத்தில் என்.எஃப்.எஸ். பொறுமைசாலி. 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதைக் கொண்டுவந்தபோதே, சர்வர் செத்துப் பிழைத்தாலும் கேட்பவர் கலங்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். 'ஹார்டு' மவுன்ட் என்றால், சர்வர் போனதும் கம்ப்யூட்டர் 'பதில் இல்லை, இன்னும் முயல்கிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டு அப்படியே உறைந்து நிற்கும். பத்து நிமிடம் கழித்து சர்வர் எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐஸ்கஸி அப்படி இல்லை. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் 120 நொடி பார்க்கும், பிறகு எரர் என்று கைவிரித்துவிடும். ஃபைல் சிஸ்டமும் பயந்துபோய் 'இனி எழுத மாட்டேன்' என்று பூட்டிக்கொள்ளும்.

யூ.பி.எஸ். கட்டாயம். ஆனால் நான் போன லேப்களில் பாதியில் சர்வர் மட்டும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கும், ஸ்விட்சின் சின்ன அடாப்டர் சுவரில் வேறு பிளக்கில் இருக்கும். கரண்ட் போனால் சர்வர் தனியாக உயிரோடு உட்கார்ந்திருக்கும், பேச ஆள் இல்லாமல். இதைப் படித்ததும் எழுந்து போய் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இலை ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பச்சை இலை எடை மெஷினோடு ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறது. அதை மாற்ற முடியாது, மென்பொருள் கொடுத்தவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை. புதிதாக வாங்கிய நாஸ் அதோடு பேச மறுக்கிறது. எஸ்.எம்.பி.1-ஐ ஆன் செய்தால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், மஞ்சூர்

பதில்: ஆன் செய்தால் ஓடும். ஆனாலும் செய்யாதீர்கள். எக்ஸ்.பி.க்குத் தெரிந்தது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டும். இரண்டாம் பதிப்பு அதற்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவோடுதான் வந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ், பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கிப் போட்டதே, அது பரவிய ஓட்டை விண்டோஸின் எஸ்.எம்.பி.1-ல் இருந்ததுதான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டு இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் 10 பதிப்புகளில் எஸ்.எம்.பி.1-ஐப் படிப்படியாக ஒதுக்கிவிட்டார்கள். நாஸ்காரர்கள் மறுப்பதும் அதனால்தான்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இரண்டு லேன் கார்டு மாட்டுங்கள். ஒன்றில் எக்ஸ்.பி. மட்டும், மற்றதில் ஆபீஸ் நெட்வொர்க். நடுப் பெட்டியில் சம்பாவை (லினக்ஸை எஸ்.எம்.பி. பேச வைக்கும் மென்பொருள்) போட்டு, எக்ஸ்.பி. இருக்கும் கார்டில் மட்டும் அது பழைய பாஷை பேசட்டும். எடைக் கணக்கு அங்கே விழும். அங்கிருந்து மணிக்கொரு தரம் ஆர்-சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் அதை நாஸுக்குத் தூக்கிப் போடும். எக்ஸ்.பி.க்கு இன்டர்நெட்டும் கிடையாது, நாஸும் கண்ணில் படாது. இரண்டுக்கும் நடுவே தரகர் ஒருவர், அவ்வளவுதான்.

சம்பா என்ற பெயரைப் பார்த்து 'நெல்லா?' என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர். இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய மென்பொருள். முதலில் வைத்த பெயர் வேறொருவருடையது என்று தெரிந்ததும், எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லைக் கம்ப்யூட்டரில் இருந்த அகராதியில் தேடச் சொன்னார். கிடைத்தவற்றில் இது ஒன்று. அதே ஆள்தான் ஆர்-சிங்க்கையும் எழுதியவர்களில் ஒருவர். ஆக, உங்கள் நடுப் பெட்டியில் பாதி அவர் உபயம்.

கேள்வி: இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன். ஃபைபர் சேனல், எஃப்.சி.ஓ.இ., என்.வி.எம்.இ. ஓவர் ஃபேப்ரிக்ஸ் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– மாணவி, ஊட்டி

பதில்: மூன்றும் சாவி கொடுக்கும் ரகம், கவுண்டர் கிடையாது. ஃபைபர் சேனல் என்பது சர்வரையும் டிஸ்க்கையும் இணைக்கும் தனி நெட்வொர்க், 1994-லிருந்து தரமாக இருக்கிறது. தனி ஸ்விட்ச், தனி கார்டு, தனி கேபிள், தனி சம்பளம். வங்கிகளும் பெரிய மருத்துவமனைகளும் விடாமல் வைத்திருக்கின்றன. அதையே சாதா ஈதர்நெட் கேபிளில் ஏற்றப் பார்த்தது எஃப்.சி.ஓ.இ.; சத்தமாக வந்து சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டது. என்.வி.எம்.இ. ஓவர் ஃபேப்ரிக்ஸ் 2016-ல் வந்தது. ஸ்கஸி பாஷை சுழலும் டிஸ்க் காலத்தது, எஸ்.எஸ்.டி.க்குத் தக்க புதுப் பாஷை வேண்டும் என்பது அதன் கட்சி. சாதா டி.சி.பி.யிலும் அது ஓடும் வழி 2018-ல் வந்துவிட்டது, அதன் போர்ட் (நெட்வொர்க்கில் அந்தச் சேவையின் கதவு எண்) 4420. ஐஸ்கஸியின் போர்ட் 3260. இந்த இரண்டு எண்களையும் கட்டாயம் கேட்பார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கும் புரிந்ததில்லை.

கேள்வி: மலை உச்சியில் காற்று அழுத்தம் குறைவு, ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் கெடும் என்கிறார்களே, நிஜமா?
– விடுதி நடத்துபவர், ஊட்டி

பதில்: கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி தட்டைத் தொடாது. தட்டு சுழலும்போது கிளம்பும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். காற்று மெலிந்தால் அந்த மிதப்பு குறையும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் உயரத்துக்கு வரம்பு போடுகிறார்கள், வழக்கமாக 3,048 மீட்டர். ஊட்டி ஏறக்குறைய 2,240. தொட்டபெட்டா உச்சியில் நாஸ் வைத்தாலும் நானூறு மீட்டர் பாக்கி இருக்கும். ஹீலியம் அடைத்து சீல் வைத்த டிஸ்க்குகளுக்கு வெளிக்காற்றைப் பற்றிய கவலையே இல்லை.

நம் ஊரில் டிஸ்க்கைக் கொல்வது உயரம் இல்லை, வியர்வை. ராத்திரி முழுக்க ஜீப்பில் கிடந்த டிஸ்க்கைக் காலையில் கணப்பு போட்ட அறைக்குக் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடியில் படிகிற மாதிரி அதன் மேலும் ஈரம் படியும். அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள். பையோடு இரண்டு மணி நேரம் மேஜையில் கிடக்கட்டும், ரிசப்ஷன் பையன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.